ஆறு விரல் ராணி

மார்கழி 18, புதன்

இது 2009ஆம் வருடத்து டைரி. சிவகாசி அச்சாபீஸ் ஒன்றில் விற்காமல் கிடந்த நூறு டைரிகளை எடைக்கு வாங்கினோம். மருமகள் மாரீஸ்வரி எல்லாவற்றையும் பேப்பர் மில்லுக்கு ஏற்றிவிட்டாள். ஒன்றை மட்டும் நான் உருவிக்கொண்டேன். அச்சடித்த தேதியை அடித்துவிட்டு நம் தேதியைப் போட்டுக்கொள்கிறேன். மூன்றாம் வகுப்பு எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். ஆனால் தேதி போட்டு எழுதிவிட்டால் பிற்பாடு ஒருத்தரும் பேச்சை மாற்ற முடியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கடைசிப் பக்கத்தில் நான் பேச்சு வைத்துக்கொள்ளாதவர்களின் பெயர்கள் இருக்கின்றன. பதினேழு பேர். ஒன்பது பேர் செத்துப்போனார்கள். செத்ததற்காகப் பெயரை எடுப்பதில்லை. முதல் பெயர் சீனியம்மாள். அவள் உயிரோடு, இதே சாத்தூரில், இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள்.

கடையின் முன்பக்கம் மாரீஸ்வரியுடையது. பழைய பேப்பர், பழைய இரும்பு, தராசு. பின்னறை என்னுடையது. எடைக்குப் போட மனசு வராததெல்லாம் அங்கே இருக்கும். கோலி சோடா பாட்டில், ரேடியோவுக்கு லைசென்ஸ் வாங்கிய காலத்துப் புத்தகம், மஞ்சள் பட்டுத் துணியில் அச்சடித்த கல்யாணப் பத்திரிகை, கிராமபோன் ஊசி டப்பா, முந்நூற்றுச் சொச்சம் தீப்பெட்டி லேபிள். இவற்றைத் தேடிக்கொண்டு மதுரையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். என்னவென்றே தெரியாத சாமானும் ஒன்று இருக்கிறது. ஒரு முழ நீள இரும்பு, முனை ஈட்டி மாதிரி, கழுத்தில் ஆறு வளையம். இரண்டு வருடமாக வருகிறவர்களையெல்லாம் கேட்டுவிட்டேன். ஒருவர் யானை அங்குசம் என்றார். ஒருவர் திருநீற்றுக் கரண்டி மாட்டுவது என்றார். ஒருவருக்கும் தெரியவில்லை.

இன்று பகல் பாளையங்கோட்டை எபநேசர் சார் வந்தார். பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், தீப்பெட்டி லேபிள் சேர்ப்பவர். என்னிடம் இருபது வருடமாக வாங்குகிறார். பேரம் பேசுவார், ஏமாற்ற மாட்டார். கையில் ஒரு நீளமான பேரேடு. கள்ளிப்பெட்டி நாற்றம்.

“ஆச்சி, உங்க ஊர் சரக்குதான். மூடிப்போன தீப்பெட்டி ஆபீஸ் பேரேடு. ஒங்களுக்குக் காட்டணும்னே கொண்டாந்தேன்” என்றார்.

எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அட்டையைப் பார்த்ததுமே எந்த ஆபீஸ் என்று தெரிந்துவிட்டது. ஒன்பது வயதிலிருந்து நான் லேபிள் ஒட்டிய ஆபீஸ்.

அப்புறம் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரே ஒரு லேபிளைக் காட்டினார். விளக்கு ஏந்திய ராணி. விளக்கைப் பிடித்த கையில் ஆறு விரல். அச்சுக் கல்லில் படம் வரைந்தவர் தூக்கக் கலக்கத்தில் ஒரு விரலைக் கூட்டிப் போட்டுவிட்டார். அச்சடித்து வந்த அத்தனையையும் முதலாளி எரிக்கச் சொன்னார். உலகத்தில் இது ஒன்றுதான் மிச்சம் என்றார் எபநேசர் சார். வேறொரு வியாபாரியிடம் நல்ல விலை கொடுத்து வாங்கினாராம். ராணியின் முகத்தில் லேசாக நீலப்பச்சைக் கறை, ஒரு மூலை கிழிசல். ஈரக்கறை, போகாது என்றார். தை மாதம் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைக்கிறார். அதில் இந்த லேபிள்தான் நடுநாயகம். கீழே வைக்க அட்டையும் எழுதி வைத்திருந்தார். வாசித்தார்.

“பெண் தொழிலாளி ஒருத்தி திருடிச் சென்ற கட்டிலிருந்து தப்பிப் பிழைத்த லேபிள்.”

பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். “ராணி விளக்கு லேபிள், ஒரு குரோஸ், 144 குறைவு. களவு. வேலம்மாள், வேலை நீக்கம்.” பக்கத்தில் ஊதா மையில் பெருவிரல் ரேகை.

நான் சொன்னேன், “அந்தப் பொம்பளை எங்க அம்மா.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அட்டையை மாற்றுங்கள் என்றேன். பேரேடு எனக்கு வேண்டும், விலையைச் சொல்லுங்கள் என்றேன். கண்காட்சிக்கு முன்னால் கொடுக்க முடியாது என்றார்.

“பேரேட்டுல எழுதியிருக்கத நான் எப்படி ஆச்சி இல்லைன்னு சொல்ல? ஒங்க வார்த்தைய நான் நம்புதேன். பாக்க வாரவுக நம்பணும்லா. ஒரு ஆதாரம் கொண்டாங்க, அட்டையக் கிழிச்சிருதேன்.”

தை 20 கண்காட்சி. ஒரு மாதம் இருக்கிறது.

மார்கழி 19, வியாழன்

நடந்ததை எழுதுகிறேன். ஒரு சொல் கூட்டவில்லை.

சுபகிருது வருடம், ஐப்பசி மாதம், திங்கட்கிழமை. ஆங்கிலத்துக்கு 1962. எனக்குப் பதினொரு வயது. ஆபீஸில் எல்லோரும் என்னைக் குரு என்று கூப்பிடுவார்கள். நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட பாவாடை, இடுப்பில் அம்மா தைத்த ஒட்டு. காலையில் புது லேபிள் கட்டு வந்தது. ராணிக்கு ஆறு விரல் இருப்பதை முதலில் பார்த்தது நான். முதலாளி இல்லை, கணக்கப்பிள்ளையும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டிய சீனியம்மாளுக்குக் காட்டினேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கணக்கப்பிள்ளை அருணாசலம் வைதார்.

மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கும். பூச்சி அரிக்காமல் இருக்க என்று சொல்வார்கள். பசித்த பிள்ளைகள் வழித்துத் தின்றுவிடாமல் இருக்கவும்தான். நான் ஒரு தடவை தின்று பார்த்திருக்கிறேன். விரலெல்லாம் நீலப்பச்சையாக இருக்கும். ஒட்டிய பெட்டியைப் பாயில் காயப் போடுவோம். எல்லோருடையதும் கலந்துவிடும். அதனால் ஆளுக்கு ஒரு நகக்குறி. ஈரத்தோடு லேபிளின் மூலையில் நகத்தை அழுத்திவிட்டால் இது இன்னார் ஒட்டியது என்று தெரியும். எனக்கு இரண்டு பிறை, இடது கீழ்மூலை. சீனியம்மாளுக்கு ஒரு பிறை, வலது மேல்மூலை. அம்மிக்கல் விழுந்து அவளுக்குப் பெருவிரல் நகம் நடுவில் பிளந்திருந்தது. அவள் குறியும் நடுவில் பிளந்திருக்கும்.

மத்தியானத்துக்குள் ஒரு குரோஸ் ஒட்டி முடித்தேன். பிறகு காய்ச்சல். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலம்தான் முதலாளி ஆறாவது விரலைப் பார்த்திருக்கிறார். ஒட்டியது, ஒட்டாதது எல்லாவற்றையும் எண்ணி வாங்கி எரித்தார்கள். ஒட்டிய கூலியும் கிடையாது. எண்ணிக்கையில் ஒரு குரோஸ் குறைந்தது.

வியாழக்கிழமை காய்ச்சல் விட்டு வேலைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை எல்லோரையும் நிற்க வைத்தார்கள். சீனியம்மாள் வரிசையை விட்டுப் போய்க் கணக்கப்பிள்ளையின் காதில் ஏதோ சொன்னாள். என் கண்ணால் பார்த்தேன். அவர் முகம் மாறியது. ஒரு நாழிகை கழித்து, குச்சி அடுக்கிக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டு ரேகை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பினார். இதைவிடத் தெளிவு வேண்டுமா?

எனக்குக் கூலி குறையவில்லை. அது ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

அம்மாவை அப்புறம் எந்த ஆபீஸிலும் சேர்க்கவில்லை. சாகிறவரை கருவேலம் விறகு வெட்டினாள்.

அதன் பிறகும் சீனியம்மாளுக்கு என் வாசலுக்கு வரத் தைரியம் இருந்தது. மூன்று தடவை. அடுத்த வாரமே அவித்த பனங்கிழங்கோடு வந்தாள், தெருவில் எறிந்தேன். என் கல்யாணத்துக்குக் குத்துவிளக்கோடு வந்தாள், திருப்பி அனுப்பினேன். அம்மா செத்த பதினாறாம் நாள் வந்து, உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றாள். கதவைச் சாத்தினேன். அவள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை என்று அன்றைக்குச் சொன்னது, இன்றுவரை குடிக்கவில்லை.

அம்மா மட்டும் அவளோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள். தைக்குத் தை அவள் வீட்டுக்குக் கரும்பு கொடுத்துவிடுவாள். அது எனக்குத் தனிக் கோபம்.

மார்கழி 21, சனி

பல் வலி. கிராம்பு வைத்தேன்.

படுத்துக்கொண்டே யோசித்தேன். அம்மா லேபிளை எடுக்கவில்லை. எரித்த கணக்கிலும் அது இல்லை. அப்படியென்றால் அந்த ஒரு குரோஸ் பெட்டியில் ஒட்டியபடியே வெளியே போயிருக்க வேண்டும். அந்த வாரம் புதன்கிழமை மூன்று மாட்டுவண்டி லோடு போனது. நான் படுத்திருந்த வீடு ரோட்டோரம். சத்தம் கேட்டு எழுந்து பார்த்தேன். வெம்பக்கோட்டை வண்டி, ஆலங்குளம் வண்டி, கடைசியாக ஏழாயிரம்பண்ணை வண்டி. அதில் வலது மாட்டுக்குக் கொம்பு ஒடிந்திருக்கும். அந்த லோடில் ஒரே ஒரு பெட்டி எங்காவது பரணில் கிடந்து, அதில் ராணிக்கு ஆறு விரல் இருந்தால் போதும்.

மாரீஸ்வரியிடம் சொன்னேன். “அத்தை, அறுபத்திரண்டு வருசத்துக்கு முந்துன தீப்பெட்டிய எவன் வச்சிருப்பான்? அவனவன் போன வருசத்து ரேசன் கார்டையே காணோம்ங்கான்” என்றாள்.

அவளுக்குத் தெரியாது. பரண் ஒன்றையும் தின்பதில்லை.

மார்கழி 24, செவ்வாய்

வெம்பக்கோட்டையில் ஒன்றும் இல்லை. ஆலங்குளத்தில் எங்கள் தீப்பெட்டி வாங்கிய கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. போன பாவத்துக்கு ஒரு பித்தளைக் கூஜா வாங்கி வந்தேன். மூடி வேறு ஜாதி.

மார்கழி 26, வியாழன்

ஏழாயிரம்பண்ணைக்குப் பஸ்ஸில் போனேன். அந்த வண்டி சரக்கு இறக்கிய பலசரக்குக் கடை இருக்கிறது. பூட்டி ஏழு வருடம் ஆகிறது. கடைக்காரரின் மகன் இடித்துக் கட்டப்போகிறான். பொங்கல் காப்புக் கட்டுக்கு முன்னால் பழசைக் கழிக்க வேண்டும் என்று அவனே சாவியை எடுத்துக்கொண்டு வந்தான். அவனிடம் உன் தாத்தா கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு பச்சைக் கதவு இருக்குமே என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். கதவு இருந்தது.

“பாட்டி, இங்க வேல பாத்தீகளா?”

“இல்லய்யா. ஒரு தடவ வெல்லம் வாங்க வந்தேன்.”

பரணில் எலிப்புழுக்கை, துருப்பிடித்த தராசு, அரிக்கேன் கண்ணாடி, உடைந்த உப்புச்சாடி. கடைசி மூலையில், காக்கித் தாளில் சணல் கட்டிய ஒரு டஜன் தீப்பெட்டிக் கட்டு. மேலே சீட்டில் ஊதாப் பென்சிலால் சுபகிருது ஐப்பசி என்று எழுதி, அருணாசலத்தின் கையெழுத்து. அந்தக் கொக்கி போட்ட ‘அ’வை எங்கே பார்த்தாலும் எனக்கு வயிறு எரியும்.

தராசோடு சேர்த்து எடைக்கே கொடுத்தான். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியில் பிரிக்கவில்லை.

மார்கழி 27, வெள்ளி

பிரித்தேன். பன்னிரண்டில் ஐந்தை எலி தின்றுவிட்டது. ஏழு முழுசு. மரச்சீவல் பெட்டி, ராணி, விளக்கு.

ஐந்து விரல்.

ஏழிலும் ஐந்து விரல்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினேன், கழற்றிவிட்டு எண்ணினேன். மாரீஸ்வரியைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். “நல்லாத்தான அத்தை இருக்கா, அஞ்சு வெரலோட” என்றாள். தூக்கி அலமாரியில் வைத்துவிட்டேன். சாயங்காலம் எபநேசர் சார் போன் செய்தார். எடுக்கவில்லை.

மார்கழி 29, ஞாயிறு

இன்று எல்லா வீட்டிலும் பழையது கழிப்பார்கள். கடையில் நிற்க இடமில்லை. ஒரு வீட்டிலிருந்து நூறு வருடத்துப் பஞ்சாங்கம் ஒரு மூட்டை. ஒருத்தி தன் மாமனாரின் பல்செட்டைக் கொண்டுவந்து என்ன விலை போகும் என்று கேட்டாள். மாரீஸ்வரி சிரித்த சிரிப்பில் தராசு ஆடியது.

சீனியம்மாள் வீட்டிலிருந்தும் ஒரு சாக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரி தூக்கி வந்தாள். பழைய நோட்டு, உடைந்த வாளி. நான் தொடவில்லை. மாரீஸ்வரி நிறுத்தாள்.

தை 1, திங்கள்

பொங்கல் நல்லபடி பொங்கியது. கரும்பு சப்பை.

தை 4, வியாழன்

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

பெங்களூர்க்காரர் ஒருவர் பழைய ராணி விளக்கு லேபிள் கேட்டார். ஐந்து விரல் என்றாலும் அந்தக் காலத்துச் சரக்கு, விலை உண்டு. பெட்டியிலிருந்து உரித்துக் கொடுக்கலாம் என்று ஒன்றை எடுத்தேன். லேபிள் உரிப்பது எனக்குக் கை வந்த வேலை. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து மேலே போட்டு, பசை இளகியதும் மூலையில் நகம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் கிழியும்.

துணி போடுவதற்கு முன்னால் விரலால் தடவிப் பார்த்தேன். தாள் கனமாக இருந்தது. பத்து வருடம் லேபிள் ஒட்டிய விரல் இது. ஒற்றைத் தாளின் கனம் வேறு, இரட்டைத் தாளின் கனம் வேறு. மற்ற ஆறையும் தடவினேன். ஏழும் இரட்டை.

நனைத்தேன். மேலே இருந்த ராணி பாதி எழுந்தாள். அடியில் இன்னொரு ராணி இருந்தாள். விளக்கைப் பிடித்த கையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.

முகத்தில் நீலப்பச்சைப் பசை. எபநேசர் சார் லேபிளில் இருப்பது ஈரக்கறை இல்லை. அதன்மேலும் ஒரு தாள் ஒட்டியிருந்திருக்கிறது. எங்கோ ஈரத்தில் மேல்தாள் உரிந்துபோய் அடித்தாள் மட்டும் அவர் கைக்கு வந்திருக்கிறது.

திருட்டுப் போன ஒரு குரோஸும் நல்ல லேபிளுக்கு அடியில் பத்திரமாக இருந்திருக்கிறது. அம்மா எதையும் எடுக்கவில்லை.

அழிந்துபோகுமுன் மூலையைப் பார்த்தேன். ஆறு விரல் ராணியின் இடது கீழ்மூலையில் இரண்டு பிறை. காய்ச்சல் வந்த அன்று காலையில் நான் ஒட்டிய பெட்டி.

மேலே ஒட்டியிருந்த ஐந்து விரல் ராணியின் வலது மேல்மூலையில் ஒரு பிறை. நடுவில் பிளந்தது.

பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். ஏழு பெட்டியிலும் மேலே அவள்.

ஈரத் துணியை எடுத்துவிட்டேன். மேலும் உரிக்கவில்லை. பெங்களூர்க்காரருக்குச் சரக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

தை 5, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. மாரீஸ்வரி இரண்டு தடவை ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டாள். பல்.

தை 6, சனி

ஆதாரம் கையில் இருக்கிறது. இப்படியே எபநேசர் சாரிடம் கொடுத்துவிடலாம். யார் ஒட்டினார்கள், எதற்கு ஒட்டினார்கள் என்று அவர் கேட்பார். தெரியாது என்று சொல்லலாம். ஆனால் எனக்கே தெரிய வேண்டியிருக்கிறது.

அறிய வேண்டும் என்பதற்காக மட்டும் போகிறேன். வேறு ஒன்றும் இல்லை.

தை 7, ஞாயிறு

காலையில் பத்து மணிக்குப் போனேன். பெட்டியை முந்தியில் முடிந்துகொண்டேன். இரண்டு தெரு. அறுபத்திரண்டு வருடத்தில் அந்தத் தெருவுக்குள் நான் நுழைந்ததில்லை. தபாலாபீஸுக்குப் போகக்கூடச் சுற்றிக்கொண்டு போவேன்.

சீனியம்மாள் தனியாக இருக்கிறாள். மகள் திருப்பூரில். வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

“கதவு தெறந்துதான் கெடக்கு” என்றாள். அது குத்தல். எனக்குப் புரியாமல் இல்லை.

நான் உட்காரவில்லை. “ஒன் பெருவிரலக் காட்டு” என்றேன்.

“இத்தன வருசங் கழிச்சு வந்து கைரேகையா பாக்க?”

ஆனாலும் கையை நீட்டினாள். நகம் இன்னும் நடுவில் பிளந்துதான் இருக்கிறது. முடிச்சை அவிழ்த்துப் பெட்டியை அவள் முறத்தில், மொச்சைக்கு மேல் வைத்தேன். பாதி எழுந்த தாளைத் தூக்கிக் காட்டினேன். அவள் திடுக்கிடவில்லை. விரலை விட்டு எண்ணிப் பார்த்தாள்.

“ஆறு வெரலுக்காரி இன்னும் இருக்காளா” என்று சிரித்தாள். பல் ஒன்றும் இல்லை.

பிறகு சொன்னாள். நான் காய்ச்சலில் போன அன்று சாயங்காலம், ஆறு விரல் ஒட்டியதற்குக் கூலி இல்லை என்று அறிவித்திருக்கிறார்கள். என் பெட்டி ஒரு குரோஸ் பாயில் காய்ந்துகொண்டிருந்தது. அவளிடம் பழைய நல்ல லேபிள் ஒரு குரோஸ் ஒட்டாமல் இருந்தது. எல்லோரும் எரிக்கிறதைப் பார்க்கப் போன நேரத்தில், தன் லேபிளை எடுத்து என் பெட்டிகள்மேல் ஒட்டி, அதை என் பெயரில் ஒப்படைத்துவிட்டாள். அவளுக்கு அன்று சாயங்காலக் கூலி இல்லை. நல்ல லேபிள் எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆறு விரல் எண்ணிக்கை குறையும் என்று பதினொரு வயதில் அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றியிருக்காது.

“அப்ப கணக்கப்பிள்ள காதுல என்ன சொன்ன?” என்று கேட்டேன்.

“நாந்தான் மேல ஒட்டுனேன்னு சொன்னேன். பெட்டியப் பிரிச்சுப் பாருங்கன்னேன். லோடு போயிருச்சு, மொதலாளிக்குத் தெரிஞ்சா அவரு வேல போயிரும். நான் வாயத் தெறந்தா என்னையும் எங்காத்தாளையும் சேத்து அனுப்பிருவேன்னாரு. அப்புறம் யாரையாவது காட்டணும்ல. உங்கம்மா கைநாட்டுக்காரி. எதுக்க மாட்டாகன்னு அவுகளக் காட்டிட்டாரு.”

அறுபத்திரண்டு வருடமாக அந்தக் காதையும் அந்த வாயையும் நான் நினைத்த விதம் வேறு.

“எங்கம்மாட்டச் சொல்றதுக்கென்ன?” என்றேன். குரலை உயர்த்தித்தான் கேட்டேன்.

“அன்னைக்கே ஓடிப் போய்ச் சொல்லிட்டேன். அழுதுக்கிட்டே சொன்னேன். அவுக என் கண்ணத் தொடச்சு விட்டாக. குருவுகிட்ட மட்டும் சொல்லாத, அவ கூலிக்காகத்தான் இம்புட்டும்னு தெரிஞ்சா அவ சோறு திங்க மாட்டான்னாக. சத்தியம் வாங்கிக்கிட்டாக. அவுக போன பெறகு சொல்லலாம்னு பதினாறாம் நாளு வந்தேன்.”

அந்தக் கதவை யார் சாத்தினார்கள் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மொச்சை கிடந்தது. உட்கார்ந்து ஒரு கை உரித்தேன். சும்மா இருக்க முடியவில்லை, அதனால். காய் முற்றல். எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். சந்தையில் என்றாள். ஏமாந்திருக்கிறாய் என்றேன்.

பேச்சு வேறெங்கோ போக வேண்டும் என்று, பின்னறையில் கிடக்கும் இரும்பைப் பற்றிச் சொன்னேன். ஈட்டி முனை, கழுத்தில் ஆறு வளையம்.

“வளையத்துல சலங்கை கட்டுவாக” என்றாள் மொச்சையைப் பார்த்தபடியே. “எம் மாமனார் தபால் மூட்ட தூக்கி ஓடுனவரு. கம்பு முனையில அதச் செருகிக்கிட்டு ஓடுவாரு. சத்தங் கேட்டு நரியும் வெலகும், ஆளும் வெலகுவாக. எங்க வீட்ல ஒண்ணு கெடந்துச்சு. எடைக்குப் போட்டாச்சு.”

எந்தக் கடையில் போட்டாள் என்று கேட்கவில்லை. இரண்டு வருடமாக ஊரையெல்லாம் கேட்டிருக்கிறேன், இரண்டு தெரு தள்ளிக் கேட்கவில்லை.

காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். ஆறிக்கொண்டிருந்தது. ஏடு கட்டுவதற்கு முன்னால் குடித்துவிட்டேன். இனிப்பு ரொம்ப அதிகம்.

மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. கிளம்பும்போது, தை 20 பாளையங்கோட்டைக்குப் போக வேண்டும், காலை ஏழரைக்குப் பஸ், பிந்தினால் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் மாரீஸ்வரி கண் ஏன் சிவந்திருக்கிறது என்றாள். புரை வளர்ந்திருக்கிறது, சொட்டு மருந்து விட வேண்டும் என்றேன்.

தை 8, திங்கள்

எபநேசர் சாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே தன் லேபிளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார்.

“ஆச்சி, கறைன்னு நெனச்சு இத எப்படிப் போக்கதுன்னு ஆறு மாசமா யோசிச்சேன். போக்கியிருந்தேன்னா?” என்றார்.

ஏழு பெட்டியையும் கேட்டார். விலை சொன்னார். நல்ல விலை. உரித்து இரண்டையும் தனித்தனியாக எடுத்தால் இன்னும் கூடும் என்றார். உரிக்கக் கூடாது என்றேன். ஐந்தைச் சொன்ன விலைக்கே தருகிறேன், மூடினபடி. பாதி உரித்த ஒன்றை விலையில்லாமல் தருகிறேன், பேரேட்டுக்குப் பதில். ஏழாவது விற்பனைக்கு இல்லை. அது இரண்டு தெரு தள்ளிப் போகிறது.

பேரேட்டில் அந்த ஒரு பக்கம் போதாதா ஆச்சி என்றார். போதாது என்றேன். கொடுத்தால் முழுசாகக் கொடுக்க வேண்டும். பேரம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

தை 20, சனி

ஏழரை பஸ்ஸுக்கு ஏழு மணிக்கே வந்து நின்றாள் சீனியம்மாள். நான் ஆறே முக்காலுக்கு.

பள்ளிக்கூட மண்டபத்தில் நீள மேஜைகள். கண்ணாடிக்கு அடியில் நாடு முழுவதும் உள்ள லேபிள்கள். புலி, கப்பல், பல்லக்கு, பூட்டு, காந்தாரி மாதிரிக் கண்ணைக் கட்டிய ஒருத்தி. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று சீனியம்மாள் விரல் எண்ணிக்கொண்டு வந்தாள். ஒரு சாமிக்கு ஒரு கை குறைகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னாள். எபநேசர் சார் அதைக் குறித்துக்கொண்டார்.

நடு மேஜையில் பேரேடு விரித்திருந்தது. அம்மாவின் ரேகை. பக்கத்தில் எங்கள் பெட்டி, மேல் ராணி பாதி எழுந்து, அடி ராணி ஆறு விரலோடு எட்டிப் பார்த்தபடி. கீழே அட்டை. நான் போனில் சொல்லச் சொல்ல எழுதியது.

“இந்த லேபிளை யாரும் திருடவில்லை. காய்ச்சலில் படுத்த தோழியின் கூலி போய்விடக் கூடாது என்று பதினொரு வயதுச் சீனியம்மாள் தன் லேபிளை இதன்மேல் ஒட்டினாள். வேலம்மாள்மேல் எழுதிய களவு பொய்.”

தோழி என்று நான் சொல்லவில்லை. எபநேசர் சார் தானாகப் போட்டது. அழிக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் கண்ணாடியை மூடிவிட்டார்கள்.

ஒரு அம்மாள் அட்டையை வாய்விட்டு வாசித்தாள். வேலம்மாள் என்ற பெயர் வந்தபோது சீனியம்மாள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். படியில் தடுமாறக் கூடாது என்றுதான் பிடித்தாள். அங்கே படி இல்லை.

தை 23, செவ்வாய்

பேரேடு வந்துவிட்டது. எபநேசர் சார் சொன்ன சொல் மாறவில்லை. அம்மாவின் ரேகைமேல் என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன். அவளுடையது பெரிது.

கடைசிப் பக்கத்துப் பட்டியலைத் திருத்தி எழுதினேன். பதினாறு பேர். முதல் இடத்தில் கணக்கப்பிள்ளை அருணாசலம். செத்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. கழிவு கிடையாது.

பகலில் சீனியம்மாள் வந்தாள். சலங்கை ஈட்டியைப் பார்த்ததும் கையில் எடுத்து, எங்க மாமனாருடையது இல்லை, அதற்கு ஏழு வளையம் என்றாள். ஆறுதான் என்று நான் சாதித்தேன். அதைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை. மாரீஸ்வரி காப்பி கொண்டுவந்தாள். இனிப்பு பத்தாது என்றாள் சீனியம்மாள், என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு.

இதில் என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். உன் குற்றமெல்லாம் தேதி வாரியாக என்றேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. டைரியை இழுத்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்தின் மேல்மூலையில் பெருவிரல் நகத்தை அழுத்தினாள். அழுத்திய இடத்தில் ஒரு பிறை, நடுவில் பிளந்தது.

இடது கீழ்மூலையில் என்னுடையது இரண்டு.